கேட்டில் உரசிய காரும் வீட்டிலேயே செய்த பெயிண்ட் வேலையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் கடற்கரைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வண்டி ஒன்பது வருடம் ஓடிய ஹேட்ச்பேக், மெட்டாலிக் சில்வர் நிறம். உரிமையாளர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அறுபதைத் தாண்டியவர். வீட்டுக் குழாய், மின்விசிறி, பேரனின் சைக்கிள் எல்லாவற்றையும் அவரே கழற்றி மாட்டுவார். பின்னால் நடந்ததில் இந்தக் குணத்துக்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நான் அதே குடியிருப்பில் இருப்பவன். இப்போதைய வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பின் பெயிண்டிங் பிரிவில் இருந்தேன். இந்த விவகாரத்தில் பாதியில்தான் நுழைந்தேன். அதற்கு முந்தைய பகுதி அவர் சொன்னதையும் வண்டியில் மிச்சமிருந்த தடயங்களையும் வைத்து எழுதுவது.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் இரவு, குடியிருப்பின் இரும்பு கேட் முழுதாகத் திறக்காமல் பாதியில் நின்றிருந்தது. அவர் கவனிக்காமல் வண்டியை உள்ளே விட, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாழ்ப்பாள் இடப்பக்கப் பின்கதவில் கோடு போட்டுக்கொண்டே போய், பின்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவில் இடித்து நின்றது. பதற்றத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து ரிவர்ஸ் எடுத்ததில் முன் பம்பரின் மூலை பார்க்கிங் தூணில் உரசியது. இது போக, நெடுஞ்சாலையில் கல் தெறித்த புள்ளிகள் சில பானெட்டின் முன் விளிம்பில் ஏற்கெனவே இருந்தன.

ஒர்க்‌ஷாப்பில் பேனல் கணக்கு போட்டார்கள். கதவு, பின்பக்கவாட்டுப் பேனல், பானெட், பம்பர் என்று நான்கு பேனல், மொத்தம் பதினாறாயிரம் ரூபாய். இன்ஷூரன்ஸில் கேட்கலாமா என்று யோசித்திருக்கிறார். ஐந்து வருடத்துக்கு மேல் கிளெய்ம் எதுவும் போடாததால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கிளெய்ம் போட்டால் அது போய்விடும். மறுபடி 20, 25, 35, 45 என்று வருடா வருடம் ஏறித்தான் 50-க்கு வர வேண்டும். கணக்குப் பார்த்துப் பழகியவர், வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்த முடிவில் தப்பில்லை. கோளாறு அடுத்த கட்டத்தில் தொடங்கியது.

முதல் முயற்சி

மே முதல் வாரம். மூடியில் சில்வர் என்று எழுதியிருந்த ஒரு ஸ்ப்ரே கேனும் 120 நம்பர் எமரித் தாளும் (நம்பர் குறையக் குறையத் தாள் சொரசொரப்பு) ஹார்டுவேர் கடையில் வாங்கினார். கதவில் இருந்த கோடு ஒரு சாண் நீளம். அதில் நடுவே நான்கு சென்டிமீட்டர்தான் ஆழமானது. அதையும் சுற்றுப்புறத்தையும் எமரித் தாளால் தண்ணீர் விடாமல் தேய்த்தார். நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டம் கட்டினார். அக்னி நட்சத்திர வெயிலில், பகல் பன்னிரண்டு மணிக்கு, கை வைத்தால் சுடுகிற தகட்டின் மேல் அடித்தார்.

“வெயில்ல சீக்கிரம் காயும்னு நினைச்சேன் தம்பி” என்று பின்னால் என்னிடம் சொன்னார். காய்ந்தது என்னவோ உண்மைதான். தகட்டில் விழுவதற்கு முன்பே பாதி காய்ந்துவிட்டது. விழுந்தது வழிந்து சமமாகப் படியாமல் மணல் தூவியது போல ஒட்டிக்கொண்டது. டேப்பை உரித்ததும் கதவில் ஒரு சதுரம் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. எமரித் தாளின் கோடுகள் பெயிண்டுக்கு அடியிலிருந்து உழுத நிலம் மாதிரி தெரிந்தன.

பயந்துபோய் தின்னர் வாங்கித் துணியில் நனைத்துத் துடைத்திருக்கிறார். கேன் பெயிண்ட் அப்படியே கரைந்து வந்துவிட்டது, அடியில் இருந்த பழைய பெயிண்ட் அசையவில்லை. இது அவருடைய அதிர்ஷ்டம். தொழிற்சாலையில் மேல் பூச்சை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் சூளையில் சுட்டு இறுக்குகிறார்கள். சாதாரண தின்னரால் ஒருமுறை துடைத்தால் அது கரையாது. அந்தக் கதவு எப்போதாவது ஏதோ ஒரு பட்டறையில் மலிவு லேக்கரால் அடிக்கப்பட்டிருந்தால், அன்றைக்கு எல்லாமே துணியோடு வந்திருக்கும். ஆனால் தின்னர் எமரிக் கோடுகளை அழிக்காது. அவை அப்படியே நின்றன.

வண்டியைப் பார்த்தபோது

ஜூன் இரண்டாம் வாரம் அவர் என்னிடம் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் வேலையாக வண்டியைப் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரால் கழுவினோம். அழுக்கோடு பார்த்தால் எது கீறல், எது கறை என்று தெரியாது.

இங்கே பெயிண்டின் அடுக்குகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்புத் தகட்டின் மேல் துரு பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் சாம்பல் அல்லது வெள்ளை நிறத்தில் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், அதாவது ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் தாளின் கனம். அதில் நிறம் மட்டும் 15 மைக்ரான் அளவுக்குத்தான் இருக்கும். கிளியர் 40 மைக்ரானை ஒட்டி. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இந்தக் கிளியர்தான்.

கீறல் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஈரத் துணியால் தடவினால் மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிகிற கோடு கிளியரோடு நின்றது. நகத்தைக் குறுக்கே இழுத்தால் மாட்டுகிற கோடு அதற்குக் கீழே போயிருக்கிறது. உள்ளே சாம்பல் தெரிந்தால் பிரைமர். பளபளப்போ பழுப்போ தெரிந்தால் தகடு. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இப்படிப் பார்த்ததில் நான்கு இடமும் நான்கு விதம்.

பம்பரில் உரசலாகத் தெரிந்ததில் பெரும்பகுதி உரசலே இல்லை. பார்க்கிங் தூணுக்கு அடித்திருந்த மஞ்சள் பெயிண்ட் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அளவு ஓர் இடத்தில் மட்டும் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. பானெட்டில் ஏழு புள்ளிகள், ஒவ்வொன்றும் குண்டூசித் தலை அளவு; இரண்டில் பழுப்பு ஏறியிருந்தது. கதவில் முதலில் விழுந்த கோட்டின் ஓரங்கள் ஈரத்தில் மறைந்தன, நடுவில் இருந்த நான்கு சென்டிமீட்டரில் பிரைமர் தெரிந்தது, தகடு தெரியவில்லை. ஆனால் அதைச் சுற்றி ஒன்றரைச் சாண் அகலத்துக்கு 120 நம்பர் தாளின் கோடுகள், சில இடங்களில் நிறம் வரைக்கும் இறங்கியிருந்தன. கேட் செய்த சேதத்தைவிட மருந்து செய்த சேதம் பெரியது.

சக்கர வளைவில்தான் உண்மையான பிரச்சினை இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் போய்த் தகடு தெரிந்தது. ஆறு வாரம் உப்புக் காற்று பட்டதில் முழுக்கப் பழுப்பு. ஓரத்தில் நகத்தை வைத்தால் பெயிண்ட் செதிலாகக் கிளம்பியது. வளைவின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும் இடத்தில் விரலை விட்டுத் தடவினால் துருப்பொடி வந்தது. அந்த இடத்தை அவர் ஆறு வாரமாகத் தொடவே இல்லை. நின்று பார்த்தால் கண்ணில் படாத இடம். கண்ணில் படும் கதவையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

என் கணிப்பு அன்றே இதுதான்: தகட்டை மூடுவது ஒரு வேலை, தழும்பை மறைப்பது வேறு வேலை. முதலாவதை யாரும் வீட்டில் நன்றாகவே செய்யலாம், அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாவதில், அதுவும் சில்வர் மெட்டாலிக்கில், பழகிய பெயிண்டரே திணறுவார். இந்த இரண்டையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் அவசரமில்லாத இடத்தில் அவசரமும் அவசரமான இடத்தில் மெத்தனமும் நடந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வரிசையை மாற்றினோம். முதலில் சக்கர வளைவு, அடுத்து பானெட் புள்ளிகள், பம்பரைச் சுத்தம் செய்தால் போதும், கதவு கடைசி. பம்பரில் தெரிந்த கறுப்பு இடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் துரு பிடிக்காது. அதில் பெயிண்ட் பிடிக்கவும் தனியாகப் பிளாஸ்டிக் பிரைமர் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பிரஷர் வாஷில் உரிந்து வந்துவிடும்.

கதவை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அவர் ஒப்பவில்லை. “ஒரு தடவை ஒழுங்கா செஞ்சு பாப்போமே தம்பி, சரியா வரலைன்னா அப்புறம் கடையில விடலாம். காசு அப்பவும் அதேதானே?” என்றார். காசு அதேதான் என்று நானும் நினைத்தேன். அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

அவர் வீட்டில் கேட்டுக்கு அடித்து மீந்த ரெட் ஆக்சைடு அரை டின் இருந்தது. வளைவுக்கு அதையே அடிக்கலாமே என்றார். மறுத்துவிட்டேன். அது எனாமல் ரகம், மெதுவாகக் காயும். அதன் மேல் கார் பெயிண்டின் தின்னர் பட்டால் அடியில் உள்ளது ஊறி, பால் ஏடு மாதிரி சுருங்கிக் கிளம்பும். அதற்குப் பதில் இரண்டு பாகமாக வரும் எபாக்சி பிரைமர் சின்ன டப்பா வாங்கினோம். தகட்டைக் கவ்விப் பிடிக்கும், தண்ணீரை உள்ளே விடாது, பிரஷ்ஷாலும் பூசலாம். கையில் பட்டால் தோலுக்கு ஒவ்வாமை வரும் என்பதால் கையுறை கட்டாயம்.

கிளியர் கோட்டில்தான் கொஞ்ச நேரம் வாதாடினோம். ஹார்டனர், அதாவது இறுக வைக்கும் திரவம், கலந்து அடிக்கும் டூ-கே கிளியர்தான் உறுதியானது. பெட்ரோலுக்கும் வெயிலுக்கும் தாங்கும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலே மூச்சை அடைக்கும். வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் அதை அடிக்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் பார்க்கிங்கில் துணி மாஸ்க்கோடு அதை அடிக்க நான் சம்மதிக்கவில்லை. ஹார்டனர் இல்லாத சாதாரண ஒன்-கே கிளியர் போதும் என்று முடிவு செய்தோம். அதன் ஆயுள் குறைவு என்று தெரிந்தேதான்.

நிறத்துக்கு, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பெயிண்டின் குறியீடு (கோட் நம்பர்) கிடைத்தது. ஸ்டிக்கர் ஒட்டும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் பானெட்டைத் திறந்தால் இருக்கும். குறியீட்டைக் குறித்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு பெயிண்ட் கடையில் 100 மில்லி தனியாகவும், ஒரு ஸ்ப்ரே கேனில் நிரப்பியும் வாங்கி வந்தார்.

பம்பரும் பானெட்டும்

பம்பர் இருபது நிமிட வேலை. ஈரத் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசையைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் வந்துவிட்டது. நாலாயிரம் ரூபாய் கேட்டிருந்த பேனல் அது.

பானெட் புள்ளிகளுக்குப் பொறுமைதான் வேண்டும், திறமை அதிகம் வேண்டாம். பழுப்பு ஏறிய இரண்டிலும் துணி தைக்கும் ஊசியின் முனையால் துருவைச் சுரண்டி எடுத்தோம். பல் குத்தும் குச்சியின் நுனியில் ஒரு துளி எபாக்சி தொட்டு வைத்தோம். மறுநாள் கொஞ்சம் சுரண்டி விட்டு, அதே குச்சியால் நிறம். சின்னக் கீறலை மூடக் கடையில் விற்கும் டச்சப் பேனாவுடன் வரும் பிரஷ் இந்த அளவுப் புள்ளிக்குப் பெரியது, சுற்றிலும் அப்பிவிடும். ஒரே நாளில் பள்ளத்தை நிரப்பிவிடவும் கூடாது. தின்னர் ஆவியாகப் பெயிண்ட் வற்றிச் சுருங்கும், பள்ளம் மறுபடி தெரியும். ஒரு நாளைக்கு ஒரு துளி வீதம் நான்கு நாள், அதன் மேல் கிளியர் இரண்டு நாள். ஒவ்வொரு புள்ளியும் சுற்றுப்புறத்தைவிட ஒரு முடி அளவு மேடாக நிற்கும்வரை வைத்துவிட்டு, பத்து நாள் தொடாமல் விட்டோம். அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைப் பென்சில் அழிப்பானில் ஒட்டி, சோப்புத் தண்ணீர் விட்டு அந்த மேட்டை மட்டும் சமன்படுத்தி, காம்பவுண்ட் போட்டோம்.

கைவிரலில் தாளைச் சுற்றித் தேய்த்திருந்தால் புள்ளியைச் சுற்றியிருந்த நல்ல கிளியரும் தேய்ந்திருக்கும். பானெட்டின் விளிம்பிலும் உடல் மடிப்புகளிலும் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும்; அங்கே நாலு இழுப்பு கூடினாலே அடி தெரிந்துவிடும்.

சக்கர வளைவு

ஜூன் மூன்றாவது ஞாயிறு. கிளம்பிய பெயிண்டைப் பட்டி போடும் தகட்டால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, 80 நம்பர் தாளால் தகடு வெள்ளி மாதிரி மின்னும்வரை எடுத்தோம். பழுப்பு ஒரு இழை மிச்சமிருந்தாலும் அதன் மேல் எதைப் பூசினாலும் அது உள்ளேயே வளரும். பிறகு 180, 320 என்று தாளை மாற்றி, பழைய பெயிண்டின் ஓரத்தைப் படியில்லாமல் சாய்வாகத் தேய்த்துக் கொண்டுவந்தோம். அவர் முதல் முயற்சியில் விட்டதும் இந்தச் சாய்வைத்தான். ஓரத்தில் படி இருந்தால் எத்தனை கோட் அடித்தாலும் அந்தக் கோடு தெரியும்.

தின்னரால் துடைத்து, எபாக்சி இரண்டு கோட் பிரஷ்ஷில். அடுத்த வாரம் லேசாகத் தேய்த்து, நிறமும் கிளியரும் ஸ்ப்ரேயில். தகடு கொஞ்சம் அமுங்கியிருந்தது, பட்டி போடவில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும், மழைத்தண்ணீர் வாரியடிக்கிற இந்த இடத்தில் அது வேண்டாம் என்று நினைத்தேன். அமுக்கம் அப்படியே இருக்கிறது, யாரும் கேட்டதில்லை.

ஒரு விஷயத்தில் சோம்பல் பட்டோம். சக்கரத்தைக் கழற்றவில்லை. தரையில் படுத்து, டயருக்கும் வளைவுக்கும் இடையில் கையை விட்டு, உள்மடிப்பில் எட்டிய வரைக்கும் தேய்த்துப் பூசினோம். எட்டாத இடத்தைப் போதும் என்று விட்டது நான்தான்.

கதவு

ஜூலையில் இரண்டு ஞாயிறுகள் இதற்குப் போயின. தரைத்தளப் பார்க்கிங்கின் நிழலில், தூசி கிளம்பாமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, காலை ஒன்பது மணிக்குமேல் வேலை. 120 கோடுகளை 400, 600 என்று இறக்கிக்கொண்டு வந்தோம். ஆழமான கோடுகளை மட்டும் பிரைமர் அடித்து நிரப்பி, இரண்டு நாள் வற்றவிட்டு, 800-இல் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம்.

அடிப்பதற்கு முன் ஒரு பிஸ்கட் டின் மூடியில் நிறமும் கிளியரும் அடித்துக் காயவைத்து, கதவின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். குறியீடு சரிதான், நிறம் ஒரு பங்கு கறுப்பாக இருந்தது. ஒரே குறியீட்டில் தொழிற்சாலையிலிருந்தே சிறு வேறுபாடுகள் வரும். அதற்கு மேல் ஒன்பது வருட வெயில். கடைக்குத் திரும்பிப்போய்ச் சற்று வெளுப்பாக மாற்றி வாங்கினார். மூடியில் பார்க்காமல் நேராகக் கதவில் அடித்திருந்தால் முதல் சதுரம் மாதிரியே இரண்டாவது சதுரம் கிடைத்திருக்கும்.

முதல் நிறப் பூச்சிலேயே மீன்கண் மாதிரி சின்னச் சின்ன வட்டப் பள்ளங்கள். டயர் பாலிஷ் போடும் பழக்கம் அவருக்கு உண்டு. அதில் இருக்கும் சிலிகான் கதவில் பட்டிருந்தது. நிறுத்தி, துடைத்து, சுத்தமான துணியால் ஒரே திசையில் இன்னொரு முறை துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். அதே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் சிலிகான் இடம் மாறுமே தவிரப் போகாது.

நிறம் மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் அகலமாக, இடையில் பதினைந்து நிமிடம். மெட்டாலிக்கில் உள்ள அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றன என்பதைப் பொறுத்து நிறமே மாறும். ஈரமாக அடித்தால் கறுக்கும், உலர்வாக அடித்தால் வெளுக்கும். டேப்பின் ஓரத்தை அழுத்தி ஒட்டாமல் பின்பக்கமாகச் சுருட்டி விட்டு ஒட்டினோம், ஓரம் கத்தி வெட்டாக விழாமல் கரையட்டும் என்று. கிளியரைப் பேனல் நடுவில் முடிக்காமல், மேலே தோள் மடிப்பு வரைக்கும் கீழே பீடிங் வரைக்கும் கதவின் முழு அகலத்துக்கும் கொண்டுபோனோம்.

அன்று சாயங்காலம் எனக்குத் தெரியாமல் அவர் இன்னொரு கோட் கிளியர் அடித்தார். மதியம் மழை பெய்து ஓய்ந்திருந்தது, காற்றில் ஈரம். மறுநாள் காலையில் பார்த்தால் கதவு பால் ஊற்றியது போல் வெளுத்திருந்தது. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து உள்ளேயே சிக்கிவிடுவதால் வருவது இது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெயில் ஏறி ஈரம் குறைந்த பிறகு, மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லிசாக ஒரு தடவை தூவினோம். மேல் பரப்பு இளகி, ஈரம் வெளியேறி, வெளுப்பு போய்விட்டது. எல்லா முறையும் இப்படிப் போகும் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து 2000 நம்பரும் காம்பவுண்டும். நிழலில் நாலடி தள்ளி நின்றால் தெரியவில்லை. சாயங்கால வெயில் சாய்ந்து அடிக்கும்போது பின்பக்கமிருந்து பார்த்தால் கதவின் நடுவில் ஒரு மேகம். “மத்தவங்களுக்குத் தெரியாது சார்” என்றேன். “எனக்குத் தெரியுதே” என்றார்.

மழைக்காலமும் அதற்குப் பிறகும்

வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசியில் மறுபடி பார்த்தோம். பானெட்டின் ஏழு புள்ளிகளில் ஆறு அப்படியே இருந்தன. ஒன்றில் பெயிண்ட் தெறித்துப் போயிருந்தது. புதிதாக இன்னொரு கல் பட்டிருக்கலாம். பம்பரின் கறுப்பு இடம் கறுப்பாகவே இருந்தது.

வளைவின் வெளிப்பக்கத்தில் துரு இல்லை. உள்மடிப்பில், நாங்கள் எட்டாமல் விட்ட இடத்தில், மூன்று கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. இந்த முறை ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டிரில்லில் மாட்டிய கம்பி பிரஷ்ஷால் மடிப்பு முழுவதையும் சுத்தம் செய்து எபாக்சி பூசினோம். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்ததில் முக்கால் மணி நேரம்தான் ஆனது. ஜூனில் படுத்துக்கொண்டு பட்ட பாடு இதைவிட அதிகம்.

இன்னொன்றும் அங்கே கண்ணில் பட்டது. இந்த வண்டிக்குப் பெட்ரோல் மூடி இடப்பக்கம், வளைவுக்கு நேர் மேலே. பங்க்கில் ஒருமுறை தளும்பி வழிந்த பெட்ரோல் புதிய கிளியரில் கண்ணீர்த் தாரை மாதிரி ஒரு தடம் போட்டிருந்தது. பழைய கிளியரில் ஒன்றும் ஆகவில்லை. ஒன்-கே பெட்ரோலுக்குத் தாங்காது என்று தெரியும். பெட்ரோல் மூடி எங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

பிப்ரவரிக்குள் கதவின் பளபளப்பு மங்கத் தொடங்கியது. கடைசியில் கதவை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். அங்கே பெயிண்டர் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்துவிட்டு, “இது மேல அப்படியே அடிக்க முடியாதுண்ணே, இருக்கிறதையெல்லாம் எடுத்துட்டுத்தான் அடிக்கணும்” என்று என்னிடம் சொன்னார். எங்கள் பெயிண்டை எடுப்பதற்கென்று ஐந்நூறு ரூபாய் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு வாங்கினார். பொருட்களுக்கு ஆன சுமார் மூவாயிரத்தையும் கூட்டினால் மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூறு. பதினாறாயிரத்தோடு ஒப்பிட்டால் மிச்சம்தான். கதவை முதலிலேயே தொடாமல் கடைக்கு அனுப்பியிருந்தால் இன்னும் இரண்டாயிரமும் மூன்று ஞாயிறுகளும் மிஞ்சியிருக்கும்.

மறுபடி செய்தால் மாற்றுவது

இடித்த அன்றே, அல்லது மறுநாள் காலையில், தகடு தெரிகிற இடத்தை மட்டும் துடைத்து எபாக்சி பூசி மூடுவேன். நிறம் இல்லாமல் சாம்பலாக ஒரு திட்டு இருந்தாலும் பரவாயில்லை. கடலோரத்தில் ஆறு வாரம் என்பது துருவுக்கு நிறைய அவகாசம். பிரைமரோடு நின்ற கீறலுக்கு அந்த அவசரம் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் விடும்வரை கதவில் காம்பவுண்டைத் தவிர எதையும் படவிட மாட்டேன், 120 நம்பர் தாளை வண்டிப் பக்கமே கொண்டுவர மாட்டேன்.

வளைவில் வேலை என்றால் சக்கரம் கழற்றிய பிறகே தொடக்கம். பெட்ரோல் வழியும் இடத்தில் ஒன்-கே கிளியர் அடிக்க மாட்டேன். அந்த ஒரு திட்டுக்கு மட்டும் டூ-கே அடிக்கச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் கேட்டிருப்பேன். வெள்ளையோ சிவப்போ போன்ற மெட்டாலிக் இல்லாத நிறமாக இருந்திருந்தால் கதவைப் பற்றிய என் முடிவு ஒருவேளை வேறாக இருந்திருக்கும். சில்வரில், பேனல் நடுவில், கேனால் மறைக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இப்போதும் இல்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கேட்டின் தாழ்ப்பாளை மார்ச் மாதம்தான் அறுத்தார்கள். அதற்குள் மூன்றாம் மாடிக்காரரின் வண்டியிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. அவர் எமரித் தாளோடு இறங்கி வந்தபோது எங்கள் சார்தான் முதலில் ஓடிப்போய்த் தடுத்தார்.